டீக்கடையில் நான் சொன்ன உண்மை

காலை எட்டு மணி ஐந்து நிமிடம். நான் முதலில் பார்த்தது நாகவேணியின் உதடுகளை. அவை சாம்பல் நிறத்தில் இருந்தன.

கம்பெனிப் பேருந்து நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வளாகத்துக்குள்ளேயே வந்து நின்றிருந்தது. இரண்டு பெண்கள் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தோள்கள் காதுவரை ஏறின. உள்ளே போன காற்று வெளியே வர மறுத்தது.

அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான். ஆம், நான்தான்! வேறு யாரும் இல்லை... இதுவரை இதை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். சூளகிரியும் பேரிகையும் அவற்றைச் சுற்றிய ஊர்களும் என் எல்லை. விபத்து, யானை, தக்காளி விலை, தொழிற்சாலை வாசலில் மறியல்... பார்த்ததை மட்டும் எழுது, கேட்டுச் சரிபார்த்த பிறகு எழுது என்று பழக்கப்பட்டவன். எனக்கும் ஆஸ்துமா உண்டு. மாமரங்கள் பூக்கும் மாதங்களில் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். மற்ற மாதங்களில் அப்படி ஒன்று இருப்பதே நினைவில் இராது.

மாதத்தில் ஒரு புதன்கிழமை எங்களுக்கு மருந்து கொடுக்கும் நாள். சர்க்கரைக்காரர்கள், ரத்த அழுத்தக்காரர்கள், மூச்சுக்காரர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்போம். மருந்தை மட்டும் கொடுத்து அனுப்புகிறவர் அல்ல அமலா சிஸ்டர். மூச்சுக்காரர்கள் ஒவ்வொருவரையும் இன்ஹேலர் பம்பை எடுத்து இழுத்துக் காட்டச் சொல்வார். எப்போது எந்தப் பம்பு என்று திருப்பிச் சொல்ல வைப்பார்.

"நீலம் ஆபத்துக்கு. காப்பிக் கலரு காப்பி மாதிரி. காலையிலயும் சாயங்காலமும் காப்பிக்கு முன்னால அதை இழுக்கணும். வாயைக் கொப்புளிச்சிட்டுதான் காப்பி. நல்லா இருக்கேன்னு நிறுத்தப்பிடாது, என்ன? நல்லா இருக்கதே அதனாலதான்."

சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் வரிசையில் பாதிப் பேருக்குத் தெலுங்குதான் வீட்டு மொழி, சிலருக்குக் கன்னடம். எனக்கு மூன்றும் வரும். அதனால் ஒவ்வொரு மருந்து நாளிலும் என்னை முன்னால் நிறுத்துவார்.

"வாங்க அண்ணாச்சி! பேப்பர்ல ஊதுதீங்கல்லா, இங்க வந்து இழுத்துக் காட்டுங்க."

வரிசை சிரிக்கும். சிஸ்டர் நீட்டும் மாதிரிப் பம்பைக் குலுக்குவேன். மூச்சை முழுதாக வெளியே விடுவேன். உதடுகளால் கவ்வி, அழுத்தியபடியே மெல்ல இழுத்து, அப்படியே நிறுத்திக் காட்டுவேன். ஒரு பிழையும் இராது. கடைசியில் சிஸ்டர் கேட்பார்: "தெனமும் எடுக்கீங்களா?"

"ரெண்டு வேளையும், சிஸ்டர்."

பொய். அந்தப் பொய்யை நான் மூன்று மொழிகளிலும் சொன்னேன்.

காப்பிக் கலர் பம்பு என் வீட்டு அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? பழக்கமாகிவிடும் என்ற பயமா? சோம்பலா? இல்லை... மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு அது எதற்கு என்ற திமிர்! வேறு பெயர் அதற்கு இல்லை.

நாகவேணி அந்த வரிசைக்குப் புதிதாக வந்தவள். ஊர் பேரிகை. வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவள், நிரந்தரமாவதற்காகக் காத்திருந்தாள். சிஸ்டர் சொன்னபடியே காப்பிக்கு முன்னால் இழுத்து, அந்த மாம்பூக் காலத்தை நல்லபடியாகக் கடந்திருந்தாள். ஒரு புதன்கிழமை, சுகாதார நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் என்னைப் பிடித்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? எங்க அத்த தெனமும் என் வாயையே பாக்குது. 'இன்னும் எத்தினி நாளைக்குடி உறிஞ்சுவ, வந்த நோவு போவாதா'ன்னு கேக்குது. கம்பெனியில சூப்பர்வைசர் கண்ணுல பட்டா நோயாளின்னு பர்மனென்ட் பண்ண மாட்டாங்க. இப்ப நான் நல்லாத்தான் இருக்கறன். நெசமா சொல்லுங்கண்ணா, நீங்க தெனமும் இழுக்கறீங்களா?"

அவள் கண்களில் ஒரு விடுதலைக்கான ஆசை இருந்தது. எனக்கு அது தெரிந்தது.

"நான் காப்பிய மட்டுந்தான் குடிக்கறன்மா," என்றேன். "அந்தப் பம்பு அலமாரியில தூங்குது. மூச்சு முட்டுனா நீலத்த எடுத்துக்கோ, போதும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அடேங்கப்பா! சிஸ்டர் முன்னாடி என்னா நடிப்பு நடிக்கறீங்கண்ணா!"

நானும் சிரித்தேன். கூட்டாளியிடம் ரகசியத்தைப் பகிர்ந்தவனின் பெருமை எனக்கு. அவள் டீக்கும் நானே காசு கொடுத்தேன்.

கேள்வி கேட்பது என் தொழில். அன்று ஒரு கேள்வியாவது கேட்டேனா? முன்பெல்லாம் இரவில் எத்தனை முறை மூச்சு முட்டி எழுந்தாய், கம்பெனியில் எந்த நெடியில் நிற்கிறாய், கடைசியாக எப்போது ஆஸ்பத்திரியில் படுத்தாய்... எதையும் கேட்கவில்லை. எனக்கு வருவது விசில். அவளுக்கு வருவது என்னவென்று நான் விசாரிக்கவே இல்லை!

இதில் இன்னொன்று என்னை அறுக்கிறது. சிஸ்டரிடம் நான் சொன்னது பொய். அது யாரையும் கெடுக்கவில்லை. நாகவேணியிடம் சொன்னது உண்மை... அந்த வரிசைக்காரர்களிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவள் சிஸ்டரின் சொல்லை விட்டு என் சொல்லை எடுத்துக்கொண்டாள். நானும் மூச்சுக்காரன் என்பதால்.

பேருந்து வந்து நின்ற காலைக்குத் திரும்புகிறேன். உள்ளே அவளுக்குப் புகைமருந்து வைத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், 108 ஆம்புலன்சை வரவழைத்தார்கள். அவளை இறக்கிய பெண்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "பஸ்சுல ஏறுனதுலருந்து நீலப் பம்ப அடிச்சிக்கினேதான் சார் வந்தா. ஒண்ணும் கேக்கல. காலியாவுற வரைக்கும் அடிச்சா."

ஆம்புலன்ஸ் ஓசூர் போனது. அன்று நான் பத்திரிகைக்குச் செய்தி எதுவும் அனுப்பவில்லை. யார், எங்கே, எப்போது, எல்லாம் கையில் இருந்தன. ஏன் என்பதும்.

அவள் பிழைத்தாள். இதைச் சொல்லும்போது உங்களுக்குள் ஓர் ஆறுதல் எழுகிறது, இல்லையா? எனக்கும் எழுந்தது. அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த மருந்து நாளுக்கு அவள் வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. நான் வழக்கம்போல் முன்னால், கையில் பம்புடன் நின்றிருந்தேன். சிஸ்டர் அவளைப் பார்த்ததும் வெடித்தார்.

"ஏட்டி, தெனம் எடுக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நிறுத்தச் சொன்னது யாரு?"

நாகவேணி நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தாள். ஒரே முறை.

"யாரும் சொல்லல சிஸ்டர். நானேதான். வேலையில மறந்துட்டன்."

"மறந்தியா? இந்தா நிக்காருல்லா அண்ணாச்சி, இவரைப் பாரு. ஒருநாளாவது விடுதாரா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும்... வாய் என்னுடையது, மூச்சும் என்னுடையது! நான் பம்பைக் குலுக்கினேன். உதடுகளால் கவ்வினேன். இழுத்தேன். நிறுத்தினேன். வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. நாகவேணியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் வாசலில் அவளிடம் போய் நின்றேன். "ஏம்மா என் பேர சொல்லல?"

"சொன்னா என்னா ஆவும்? ஒங்கள நிக்க வெக்கறத சிஸ்டர் நிறுத்திடும். அப்பறம் அந்தக் கெழவிங்களுக்குத் தெலுங்குலயும் கன்னடத்துலயும் யாரு சொல்றது?" புடவை முனையால் வாயைப் பொத்தி இருமினாள். "நீங்க நல்லாத்தான் சொல்லித் தர்றீங்கண்ணா. உள்ள நிக்கும்போது சொல்லுங்க. டீக்கடையில மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க."

நான் தலையசைத்தேன். மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. அவளும் அதற்காக நிற்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் அவளைத் திரும்பச் சேர்க்கவில்லை. 'உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு வா' என்று ஒப்பந்தக்காரர் முதலில் சொன்னார். பிறகு அவள் அழைத்தால் எடுப்பதில்லை. நான் நிருபர் என்று சொல்லிப் போய்ப் பேசினேன். 'பஸ்ஸையே நிறுத்தின பொம்பள சார்' என்றார். என்ன உறவு என்று கேட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது நான் இரண்டு வேளையும் காப்பிக் கலர் பம்பை எடுத்துக்கொள்கிறேன். எடுத்து என்ன? சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மருந்து நாளும் கிளம்புகிறேன். அவர் "வாங்க அண்ணாச்சி" என்கிறார். வரிசை சிரிக்கிறது. நான் மூன்று மொழிகளிலும் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன்... சொல்லாமலே!

நாகவேணி பேரிகைக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பூச்சிமருந்து அடிக்கும் நாட்களில் அங்கே நெடி வெளியே போகாதபடி பசுமைக்குடிலின் பக்கத் திரைகளை இறக்கிவிடுகிறார்கள்.