கேக்கின் மேல் எழுதிய பெயர்

பட்டாள ஆபீசர் ஒருவர் வீட்டு வேலைக்காரியாக அவர்களோடு பூனா, அம்பாலா என்று பல வருடம் சுற்றிவிட்டு, 1978-இல் அன்னாள் தன் மலையூரான ஜமுனாமரத்தூருக்குத் திரும்பினாள். வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சந்தைக்குப் போவாள், பஸ் நிற்கும் இடத்துக்குப் போவாள், போன வேகத்தில் திரும்புவாள். "அங்க இன்னாதான் கத்துக்கினு வந்தே?" என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "கேக்கு போடுவேன். அந்த வூட்ல எல்லாக் கேக்கும் நான்தான்" என்று சொல்லிவிட்டாள்.

உண்மையில் கேக் செய்தவர் சமையல்காரர். அன்னாள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டவள். விருந்தாளிகள் வந்து கேக் வெட்டும் நேரத்தில் அவளையும் குழந்தையையும் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அம்மா சாந்தாமேரிக்கு இது தெரியாது. கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் எல்லோருக்கும் மகள் போட்ட கேக்கு என்று கோயில் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

சட்டியில் மணலைச் சூடாக்கி, உள்ளே மாவுக் குண்டானை வைத்து, மூடிமேல் கங்கு போட்டாள் அன்னாள். கேக் வெந்தது, நடுவில் குழி விழுந்தது. குழியை மறைக்கச் சர்க்கரையை அம்மியில் பொடித்து டால்டாவில் குழைத்துப் பூசினாள். மலைக்குளிரில் அது விரல் தடத்தோடு அப்படியே இறுகிப்போனது. மிச்சத்தில் கேசரிப் பவுடர் கலந்து காகிதக் கூம்பில் அடைத்தாள். ஆபீசர் வீட்டுச் சமையலறையில் பிறந்தநாள் கேக்கின்மேல் குழந்தையின் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பிறந்தவரின் பெயரை எழுதினாள். இயேசு. எழுத்துகள் கோணிக்கொண்டு நின்றன.

பூசை முடிந்து கேக்கை வெட்டக் கத்தியை எடுத்த கோயில் உபதேசியார் அமலநாதன் அப்படியே நின்றார்.

"இன்னாம்மா இது? ஆண்டவர் பேர்மேல கத்தி வெக்கறதா?"

"பேரைச் சொரண்டிட்டா?" என்றார் ஒருவர்.

"சொரண்டி எங்க போடுவே? குப்பையிலயா?" என்று மடக்கினாள் பக்கத்து வீட்டு ராணியம்மாள். யாரோ சிரித்தார்கள். "ஏன் அன்னாளு, அங்கல்லாம் எப்டி அறுப்பாங்க?" என்று ராணியம்மாளே கேட்டாள்.

அன்னாளுக்குக் காது சுட்டது. அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுக்க மாட்டாங்க. கையாலதான் பிட்டுக்குவாங்க. பேரை வுட்டுட்டு, ஓரமா."

உபதேசியார் முகம் மலர்ந்தது. "ஆண்டவரும் அப்பத்தப் பிட்டுத்தானே குடுத்தாரு!" அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஓரத்தில் பிட்டார். ஒவ்வொருவராகச் சிலுவை போட்டுப் பிட்டார்கள். பல்லில் சர்க்கரை நறநறத்தது.

"ஆபீசர் வூட்ல இருந்தவளுன்னா சும்மாவா! ஈஸ்டருக்கும் நீதான்டி போடணும்" என்றாள் ராணியம்மாள்.

அன்னாள் தலையை நிமிர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

தட்டில் பெயர் இருந்த நடுத்துண்டு மட்டும் மிஞ்சியது. சாந்தாமேரி அதை இரண்டு கையாலும் ஏந்தி மகளிடம் வந்தாள்.

"கண்ணு, மிச்சம் நிக்கற பேரை அங்க இன்னா பண்ணுவாங்க?"

"தெரியாதும்மா. அங்க கேக்கு வெட்டி நான் பார்த்ததே இல்ல. நான் போட்ட மொத கேக்கு இதுதான்."

சாந்தாமேரி திரும்பி உபதேசியார் நின்ற பக்கம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தட்டை மூடினாள்.

"மெல்ல பேசு" என்றாள்.