மூன்று ரவுண்டு நின்றவர்

அந்த ஷேர் ஆட்டோக்காரருக்கு மூக்கு உடைந்து சப்பையாக இருந்தது. பேச்சு என்றால் பின்னால் திரும்பி, ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அலங்காநல்லூரில் ஏறியதிலிருந்து அவருக்கும் சேர்த்து நான்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நிறைமாதமாக என் மகள். பிரசவத்துக்காகக் கோரிப்பாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

செல்போன் பார்த்துக்கொண்டு வந்த ஒருவர், பழைய குத்துச்சண்டை சாம்பியன் ஒருவரின் பேரைச் சொல்லி, "அப்ப எதிர்க்க ஆளில்லண்ணே, அதான் ஜெயிச்சாரு" என்றார்.

ஆட்டோக்காரர் திரும்பிவிட்டார்.

"அம்புட்டுப் பெரிய ஆளு மாப்ள அவரு! ஊருதான் மதிக்கல. நான் அவர்ட்ட மூணு ரவுண்டு நின்னிருக்கேன்."

"ஜெயிச்சீகளா?"

"நின்னேன்னு சொல்றேன்ல!"

ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்துக் குத்திக் காட்டினார். எதிரே லாரி வந்தது. மகள் என் கையை இறுக்கினாள்.

வெளி ஆம்பளைகளிடம் நான் வாய் திறப்பதில்லை. அன்று கத்திவிட்டேன்.

"அவருதாம்ப்பா பெரிய ஆளு! நான் பாத்திருக்கேன். நீ ரோட்டப் பாரு!"

உடனே முன்னால் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வரைக்கும் பள்ளம் பார்த்து, மெதுவாகவே ஓட்டினார்.

மகளை இறக்கிவிட்டு, என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"மெய்யாவே அவரப் பாத்தீகளா ஆத்தா?"

மறுபடி பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அவர எங்க பாத்தேன், அவரு குத்துன ஒன் மூக்கத்தான் பாத்தேன்யா" என்றேன்.

மூக்கைத் தடவிக்கொண்டே வண்டியை எடுத்தார். கோபித்துக்கொண்டாரா, சந்தோஷப்பட்டாரா, தெரியவில்லை.

பேத்தி இப்போது நடக்கிறாள். அந்தச் சாம்பியன் பேர் எனக்கு மறந்துவிட்டது. எந்த ஆட்டோ வந்தாலும் குனிந்து, ஓட்டுகிறவர் மூக்கைத்தான் முதலில் பார்க்கிறேன்.