கூரில் நேராகப் போன பந்து

போன வருசம் வைகாசி மாதம் நான் வெட்கத்தில செத்துக்கொண்டிருந்தன். அடியார்களே, அதைத்தான் முதல்ல சொல்ல வேணும்.

சுவிசுக்கு வந்த காலத்திலயிருந்து எம்மன்புரூக்கேயில எங்கட தமிழ் கிரிக்கெட் அணிக்கு முதல் ஓவர் போடுறது நான்தான். இடது கைப் பந்து. வெண்டால் என்னைத் தோளில தூக்கிக்கொண்டு ஆடுவினம்.

எங்கட கப்டன் புது வீடு வாங்கினார். குடிபூரலுக்கு நானும் மனிசியும் போனம். எங்கட ஊர்ப் பக்கத்திலயிருந்து வந்திருந்த அவற்ற அம்மா கேட்டா, "தம்பி ஆற்ற மகன்?" அப்பாவின்ர பேரைச் சொன்னன். அவவின்ர முகம் மாறிச்சுது. எழும்பி உள்ள போயிட்டா. பிறகு எல்லாருக்கும் பீங்கான் கோப்பையில தேத்தண்ணி வந்தது. எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் பேப்பர் கப். கப்டன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

அப்பா கள்ளுச் சீவினவர். பனையில ஏறித்தான் எங்களை வளத்தவர். அண்டைக்கு அவரை நினைச்சு வெட்கப்பட்டன். அப்பிடி வெட்கப்பட்டதை நினைக்க அதைவிட வெட்கம்.

அடுத்த ஆட்டத்தில பந்து சொல்லுக் கேக்கேல்ல. ஒண்டு காலடியில விழுந்தது. ஒண்டு கீப்பருக்கு மேலால போச்சுது. ஆரோ சிரிச்சினம். தோளில ஒரு பிழையுமில்லை எண்டார் டொக்டர். அதோட விளையாட்டை விட்டன். தமிழ்ச் சனத்தைக் கண்டால் மற்றப் பக்கத்தால நடந்தன்.

மனிசிதான் அட்லிஸ்வில் முருகனிட்டக் கூட்டிக்கொண்டு போனா. சந்நிதியில விம்மி விம்மி அழுதன். "முருகா, பந்து போனால் போகட்டும். என்ர அப்பாவைக் கூசாமல் சொல்ல ஒரு வாய் தா."

கோயிலால வரேக்க ஃபோன் அடிச்சுது. கூர் நகரத்தில ஓட்டல் குசினியில வேலை செய்யிற மட்டக்களப்பு அண்ணை. எங்களுக்கு எதிரா ஆடினவர்.

"தம்பி, எங்களுக்குப் பந்து போட ஆளில்லை. வாறீங்களோ?"

"நான் ஆரெண்டு தெரியுமோ அண்ணை?"

"தெரியாமலோ? என்னை எப்பவும் அவுட்டாக்கிற ஆளெல்லோ!"

"என்ர அப்பா கள்ளுச் சீவினவர், அண்ணை."

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கினது, நான் அதைச் சொல்லிப்போட்டன் எண்டு.

"அதுக்கென்ன? சனிக்கிழமை காலமை வெள்ளண ஆட்டம் துவங்கும். பிந்தாமல் வாங்கோ."

கூரில முதல் பந்து நேராப் போச்சுது. விக்கெட் விழேல்ல. நான் முகத்தைத் துடைச்சுக்கொண்டு திரும்பி நடந்தன்.

வெட்கம் முழுக்கப் போகேல்ல. சில வீட்டு வாசலில இப்பவும் கால் தயங்கும். ஆனா ஆற்ற மகன் எண்டு கேட்டால், அப்பாவின்ர பேரையும் தொழிலையும் நானே சொல்லுறன். அந்த வாய் முருகன் தந்தது.

உங்களில ஆரும் தலை குனிஞ்சு இருந்தால், நிமிந்த பிறகு கோயிலுக்குப் போவம் எண்டு பாத்திருக்காதேங்கோ. குனிஞ்சபடியே போங்கோ. அவருக்கு எங்களைத் தெரியும்.