வழி விட்ட கை

போடிமெட்டு மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. லோடு ஏற்றிக்கொண்டு பின்னால் ஏறிவரும் வண்டி கியரைக் குறைக்கிற சத்தம் கேட்டால், முன்னால் போகிறவன் எவனாக இருந்தாலும் இடது ஓரம் ஒதுங்க வேண்டும். வலது கையை வெளியே நீட்டி, போ என்று காட்ட வேண்டும். ஏற்றத்தில் வேகம் செத்துப்போன வண்டி பின்னுக்கு உருளும். உருண்டால் கீழே தாங்குவதற்கு மரம்கூடக் கிடையாது. அதனால் அங்கே வழி மறிப்பதைப் பாவக்கணக்கில்தான் சேர்ப்பார்கள். கடந்து போகிறவன் பதிலுக்குத் தன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான். யார், எந்த ஊர் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. பனிமூட்டத்துக்குள் இரண்டு கைகள் பேசிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஜேசுராஜ் ஸ்டியரிங் பிடித்ததே அந்தப் பாதையில்தான். தேனி பஜாரில் அவன் அப்பாவுக்கு டயர்க் கடை. மகன் கல்லாவில் உட்காருவான் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவன் ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறிக்கொண்டான். ஆட்களைக் காலையில் ஏற்றிப் போவது, சாயங்காலம் மூட்டைகளை இறக்கிவருவது. ஒல்லியான ஆள், பேச்சும் ஒல்லி. வளைவுகளில் மட்டும் அவனுக்கு ஒரு தெளிவு வரும். போடி ஏலக்காய் வியாபாரி குருசாமியின் கண்ணில் அது பட்டது.

குருசாமி, சீனச் சண்டையின்போது கழுத்துச் செயினையும் மோதிரத்தையும் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தவர். அறுபத்தேழில் வியாபார விஷயமாக மெட்ராஸ் போனவர், யாரோ கூப்பிட்டார்கள் என்று சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்தார். பழைய விமான ஓடுதளத்தில் நடக்கிற பந்தயம் அது. முன்னால் வந்த வண்டியெல்லாம் சீமை வண்டி. மூங்கில் கட்டி உட்காரவைத்த ஜனம் அவற்றுக்குக் கை தட்டிற்று. அவருக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊர் திரும்பியதும் மதுரையில் ஒரு டாக்டரிடமிருந்து பழைய ஹெரால்டு கார் ஒன்றை வாங்கினார். மெட்ராஸிலேயே செய்த வண்டி. முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் போலத் திறக்கும். ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் அதை நிறுத்தி, ஜேசுராஜையும் சின்னமனூர் மெக்கானிக் சுருளியாண்டியையும் கூப்பிட்டுவிட்டார்.

“இதுக்குப் பேரு பாரத் டீம். நம்ம ஊரு வண்டி, நம்ம ஊரு சாமான், நம்ம ஊரு ஆளு. வெளிநாட்டு ஆணி ஒன்னு இதுல இருந்துச்சு, வண்டியக் கொளுத்திப் போட்டுருவேன்.”

சுருளியாண்டிக்கு வாய் சும்மா இருக்காது. “அப்ப பெட்ரோலு, மொதலாளி? அது அரபுக்காரன் ஊருதுல்ல?”

“அது சாப்பாடுலே. ஒடம்பு இல்ல.”

“சரியாப் போச்சு. சாப்பாடு அவன் போடுறான், சண்ட நாம போடுறோம்.”

பின் சீட்டைப் பிடுங்கினார்கள். சைலன்சரைக் கழற்றினார்கள். சினிமா போர்டு எழுதுகிற ஒருவர் வந்து முகப்பிலிருந்து பின்பக்கம் வரை காவி, வெள்ளை, பச்சை என்று மூன்று பட்டை இழுத்தார். கதவில் ஏழாம் நம்பர். முதல் தடவை எஞ்சினை முடுக்கியபோது கிட்டங்கிக் கூரையிலிருந்து புறாக்கள் எல்லாம் எழுந்து போயின. ஏலக்காய் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்த காற்றை ஜேசுராஜ் மூச்சு முட்ட உள்ளே இழுத்தான். அதற்குப் பிறகு எந்த வாசனையும் அவனுக்கு அவ்வளவு பிடித்ததில்லை என்பாள் அவன் மனைவி அன்னத்தாய். “மல்லியப்பூ வச்சுக்கிட்டுப் போயி நின்னா, ‘கதவச் சாத்து, காத்து வருது’ம்பாரு.”

விடிந்தும் விடியாத நேரத்தில் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையே அவன் ஓட்டிப் பழகினான். வாய்க்கால் தண்ணீர் பார்க்கப் போகிறவர்கள் மண்வெட்டியோடு ஓரம் நின்று, “பாரத் வண்டி போகுது” என்று சொல்லிக்கொள்வார்கள். ஆடிக்காற்று குமுளிக் கணவாயிலிருந்து அடித்து வரும்போது வண்டி பக்கவாட்டில் தள்ளும். அதையும் பழகினான்.

முதல் வருடம் எஞ்சின் கொதித்துப் பாதியில் நின்றது. அடுத்த வருடம் கடைசிக்கு முந்தின இடம். அதற்கடுத்து நாலாவது. எழுபத்தொன்றில் மூன்றாவதாக வந்தபோது போடியில் வெடி போட்டு வரவேற்றார்கள். கோப்பை குருசாமி கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்கும் தினமும் ஊதுவத்தி காட்டினார்கள். தேனி சர்ச்சில் போதகர் ஐயர், நோயாளிகளுக்கும் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் ஜெபித்த கையோடு, “எங்கள் சகோதரன் ஓட்டுகிற வாகனத்தையும் ஆசீர்வதியும்” என்றார். ஜேசுராஜ் தலையைக் குனிந்துகொண்டான். காதுமடல் சிவந்திருந்தது.

ஒரு தடவை முதலாவதாக வந்துவிட வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். எல்லா வண்டியும் பின்னால் இருக்க, முன்னால் ரோடு மட்டும் தெரிகிற ஒரு நிமிஷம்.

அந்த நிமிஷம் எழுபத்திரண்டில் வந்தது. பங்களாதேஷ் சண்டை முடிந்து ஜனங்களுக்கு ரத்தம் சூடாக இருந்த நேரம். மூவர்ணப் பட்டை போட்ட ஹெரால்டு சோழவரத்தில் இறங்கியதுமே கூட்டம் எழுந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் “பாரத்! பாரத்!” கல்கத்தாக்காரன் ஒருவனுடைய சிவப்புச் சீமை வண்டியும் இதுவும்தான் கடைசியில் மிஞ்சின. கடைசிச் சுற்றில் ஏழாம் நம்பர் முன்னால். கண்ணாடிக்கு வெளியே ரோடு மட்டும்தான். மலை ஒன்றும் இல்லாத அந்தத் தட்டையான ஊரில் வானம் தரைவரை இறங்கிக் கிடந்தது. ஜேசுராஜுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகிற்று.

வளைவுக்காக வேகத்தைக் குறைத்தான். முதுகுக்குப் பின்னால், மிக அருகில், சிவப்பு வண்டி கியரைக் குறைத்தது. அடித்தொண்டையில் கனைக்கிற அதே சத்தம். கூட்டத்தின் இரைச்சலையெல்லாம் தாண்டி அந்த ஒரு சத்தம் மட்டும் அவன் காதுக்குள் வந்தது.

அவன் இடது ஓரம் ஒதுங்கினான். வலது கை வெளியே போனது. போ, என்று காட்டிற்று.

சிவப்பு வண்டி போனது.

தான் என்ன செய்தோம் என்று புரிவதற்குள் கொடி விழுந்துவிட்டது. வண்டியை நிறுத்தும்போதும் அவன் கை பாதி வெளியேதான் இருந்தது.

சுருளியாண்டி தோள்துண்டைத் தரையில் அடித்தான். “ஏலே ஜேசு! போடிமெட்டுன்னு நெனச்சியாலே? அவன் என்ன ஏலக்கா மூட்டையா ஏத்திட்டு வந்தான்? கையக் காட்டி, வாங்க தொரைன்னு வழி விட்டுட்டியேலே!”

குருசாமி பட்டைகளின் மேல் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, “சரி விடு. அடுத்த வருசம் பாத்துக்குவோம்” என்றார்.

பத்திரிகையில் படம் வந்திருந்தது; சன்னலுக்கு வெளியே நீண்ட கையோடு ஏழாம் நம்பர். போடி பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் அதை வெட்டிப் பாய்லருக்கு மேல் ஒட்டிவைத்தார். ஜேசுராஜ் கடைக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் பெஞ்சில் நகர்ந்து, கையை நீட்டி, “போங்கண்ணே, நீங்க மொதல்ல போங்க” என்பார். சிரிப்பு எழும். அவனும் கூடச் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பான்.

வீட்டில் அன்னத்தாய் ஒருநாள் கேட்டாள். “தோத்ததுக்கா இப்பிடி வெறிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கீக?”

“தோத்தது சரி. ஆனா அவன் பதிலுக்குக் கை காட்டல, அன்னம். திரும்பிக்கூடப் பாக்கல.”

“அவருக்கு என்னங்க தெரியும் நம்ம வழக்கம்?”

“தெரியாதுதான்.” எழுந்துகொண்டே, “அடுத்த வருசம் விடமாட்டேன்” என்றான்.

அடுத்த வருடம் வரவில்லை. வந்தது, ஆனால் பந்தயத்துக்கான வருடமாக வரவில்லை. அரபுநாட்டுச் சண்டையில் பெட்ரோல் விலை எங்கேயோ போனது. “சாப்பாட்ட நிறுத்திட்டான் பாத்தீகளா, மொதலாளி” என்றான் சுருளியாண்டி. அந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. குருசாமிக்கு இருந்த ஏலத்தோட்டத்தில் நோய் விழுந்து செடிகள் வெளிறி நின்றன. மழையும் தப்பியது. தோட்டத்தின் மேல்பாதி முதலில் கைமாறியது, பிறகு கீழ்ப்பாதி. சுருளியாண்டி சின்னமனூரில் பம்புசெட் ரிப்பேர்க் கடை போட்டான். ஹெரால்டு கிட்டங்கியிலேயே நின்றது.

சனிக்கிழமை தோறும் ஜேசுராஜ் போய் அதைத் துடைத்து, எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு நிறுத்துவான். குருசாமி கடைப்பக்கமிருந்து குரல் கொடுப்பார்.

“உறுமல் எப்பிடி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு, மொதலாளி.”

“அடுத்த வருசம் பாத்துக்குவோம்.”

அவரும் நம்பிச் சொல்லவில்லை, அவனும் நம்பிக் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் ஒரு சனிக்கிழமையும் போனதில்லை.

ஜேசுராஜ் லோயர் கேம்புக்கும் குமுளிக்கும் இடையே ஜீப் ஓட்டினான். தோட்டத்து ஆட்கள், பலாப்பழம், சமயத்தில் ஆடு. அந்த மலையிலும் ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டிக்கு வழி விடுவான். கடந்து போகிறவர்கள் கையைத் தூக்குவார்கள். அந்தக் கைகள் ஒன்றும் அவனுக்கு ஆறுதல் தரவில்லை. ஏழாம் நம்பரில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னால் ஒரு வண்டி வர வேண்டும். இந்தத் தடவை வழி விடக் கூடாது. ஜீப்பின் பின்கண்ணாடியில் மலை சிறுத்துக்கொண்டே போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அந்த நினைப்புத்தான். தலை நரைத்தது, நினைப்பு நரைக்கவில்லை.

எண்பத்துமூன்றில் தேனியில் சுதந்திர தின ஊர்வலம் பெரிதாக நடத்தினார்கள். மூவர்ண வண்டி ஒன்று கிட்டங்கியில் கிடப்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. குருசாமி சம்மதித்தார். காவி வெளிறி, வெள்ளை அழுக்காகி, பச்சை மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்த பட்டைகளின் மேல் ஜிகினாத் தாள் ஒட்டினார்கள். கூரையில் பலகை கட்டி, பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்திக்குக் கிரீடம் வைத்துப் பாரத மாதாவாக உட்காரவைத்தார்கள். முன்னால் பேண்டு வாத்தியம். ஜேசுராஜ் முதல் கியரிலேயே, நடக்கிறவர்களுக்குப் பின்னால், ஊர்ந்து போனான். எஞ்சின் கொதித்தது. இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. “டிரைவரே, மெல்லப் போங்க, விழுந்துருவேன்” என்று மேலிருந்து பாரத மாதா அலறினாள்.

பஜாரில் ஒரு கடை வாசலில் குருசாமியை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். உடம்பு பாதியாகியிருந்தது. ஊர்வலம் கலைந்தபின் ஜேசுராஜ் போய் நின்றான்.

“நல்லா மெதுவா ஓட்டுன, ஜேசு.”

அவன் சிரித்தான்.

“கிட்டங்கியும் கைமாறிருச்சுப்பா. வண்டிய இப்பிடியே கொண்டுபோயிச் சின்னமனூர்ல சுருளியாண்டிகிட்ட விட்டுரு. எஞ்சின எடுத்துக் கெணத்துக்கு வப்பானாம். தண்ணியாச்சும் எறைக்கட்டும்.” அடுத்த வருசத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்வார் என்று கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் ஜேசுராஜ் கிளம்பினான்.

ஊர்வலம் பார்க்க வந்திருந்த அன்னத்தாயும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அந்த வண்டியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. வீரபாண்டி தாண்டியதும் சாலை விரிந்தது. இருபுறமும் புளியமரம். வெயில் சாய்ந்திருந்தது, விடுமுறை நாள் என்பதால் ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஜேசுராஜ் மிதித்தான். ஹெரால்டு ஒரு தடவை இருமியது. பிறகு பழைய குரலை எடுத்தது. ஜிகினாத் தாள் கிழிந்து கிழிந்து பின்னால் பறந்தது. முன்னால் ரோடு மட்டும்.

அவன் கண் பின்கண்ணாடியிலேயே இருந்தது. அதில் ஒரு வண்டியும் இல்லை.

“எதுக்குக் கண்ணாடியவே பாக்குறீக? ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

அவன் வேகத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். சின்னமனூர் நெருங்க நெருங்க வண்டி பாரத மாதாவைச் சுமந்த வேகத்துக்கே வந்துவிட்டது. அன்னத்தாய்க்குப் புரிந்தது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தன் பக்கத்துச் சன்னல் வழியாகத் திரும்பிப் பின்னால் பார்க்கத் தொடங்கினாள்.

“ஒன்னு வருது” என்றாள்.

லாரி. கேரளாவுக்கு அரிசி ஏற்றிப் போவது. தார்ப்பாய் உப்பி, ஒருபக்கம் சாய்ந்தபடி வந்தது. ஜேசுராஜ் நடு ரோட்டைப் பிடித்தான். மிதித்தான். லாரி பின்னால் சிறுத்தது. ஹாரன் அடித்தது, அவன் விடவில்லை. பதினோரு வருடமாகச் சேர்த்துவைத்த பிடிவாதம் எல்லாம் பல்லுக்கிடையில் இருந்தது. வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் ஒரு ஏற்றம். கிழட்டு எஞ்சின் அங்கே திணறியது. லாரி நெருங்கிவந்து, அவன் முதுகுக்குப் பின்னால், கியரைக் குறைத்தது.

அடித்தொண்டையில் கனைக்கிற அதே சத்தம்.

ஹெரால்டு இடது ஓரம் ஒதுங்கியது. வலது கை வெளியே போனது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாருடைய கையோ போல.

லாரி முக்கி முனகி ஏற்றத்தைத் தாண்டிற்று. முன்னே போய் நேரானதும், அதன் வலதுபக்கச் சன்னலிலிருந்து ஒரு கை நீண்டது, உயர்ந்தது, கொஞ்சநேரம் அப்படியே நின்றது. டிரைவரின் முகம் தெரியவில்லை. முறுக்கேறிய கருத்த கை, மணிக்கட்டில் ஒரு கயிறு. பிறகு உள்ளே போய்விட்டது.

ஜேசுராஜ் வண்டியை நிறுத்திவிட்டான். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சின்னமனூர் ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. எழும்பியிருந்த தூசி மெல்ல இறங்கி, வெளிறிப்போன காவிப்பட்டையின் மேல் படிந்தது.

அன்னத்தாய் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“கைய உள்ள எடுங்க. பஸ்ஸு வருது.”