வெந்நீரில் கிடந்த கட்டைகள்

கான்கிரீட் ஆலையில் எல்லோருக்கும் அவர் கட்டைக்காரர். பத்தொன்பது வருஷமாக, ஒவ்வொரு தளத்துக்கும் வார்த்த கலவையில் கொஞ்சம் எடுத்துச் சதுரக் கட்டைகளாக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. நல்ல மனுஷர்தான், எதிர்த்துப் பேச மட்டும் வாய் வராது.

புதுக் கலவை வந்தது. சிமென்ட் சூளை கக்கும் புகையில் உலகமே சூடாகிறதாம். அதனால் பாதி சிமென்ட்டுக்குப் பதில் சுட்ட களிமண்ணும் சாம்பலும். அருமையான சரக்கு, ஆனால் சோம்பேறி. பழையது பதினாலு நாளில் காட்டும் பலத்தைக் காட்ட இதற்கு ஒரு மாதம் வேண்டும். குளிர் காலத்தில் அதற்கும் மேலே.

ஏழாம் நாள் கட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"பதினாலாம் நாள் கட்டை தாங்கலேன்னா முட்டப் பிரிக்க முடியாது, வேலை நின்னுடும். தொட்டியில ஹீட்டரப் போடுய்யா. வெந்நீர்ல கிடந்தா சீக்கிரம் இறுகும்ல?"

"கட்டை இறுகும் சார். தளம் வெளிய குளிர்லல்ல கிடக்கு?"

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேணும். மகளுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஹீட்டரைப் போட்டார். பதினாலாம் நாள் கட்டை ஜம்மென்று தாங்கியது. கையெழுத்தும் போட்டார், பாவி மனுஷர்.

அந்தத் தளம் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் முட்டுக் கம்புகளைப் பிரிக்கிறவன் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி. மறுநாள் காலை வாசலில் நின்று கேட்டான்: "மாமா, இன்னைக்கே முட்டப் பிரிக்கச் சொல்லிட்டாங்க. புதுச் சரக்காச்சே, பிரிக்கலாமா?"

ஒரு வார்த்தை போதும். தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் கையெழுத்து பொய்யென்று ஆகிவிடும். மச்சானுக்கோ ஓட்டை வாய்.

"கட்டை தாங்கிடுச்சுப்பா" என்றார்.

பதினோரு மணிக்குத் தளம் விழுந்தது. மாலையில்தான் அவனை வெளியே எடுத்தார்கள். வீட்டாருக்கு முகத்தைக் காட்டவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள், ஹீட்டர் போடாத இன்னொரு தொட்டியில் மிச்சம் கிடந்த அதே கலவைக் கட்டைகளை ஐம்பத்தாறாம் நாள் அவர் கையாலேயே உடைக்கச் சொன்னார்கள். அடேயப்பா, பழைய கலவையை விட அதிகமாகத் தாங்கின!

"பாத்தீங்களா, கலவையில குறையே இல்ல" என்றார் மேனேஜர். "ஹீட்டரா? நான் எங்க சொன்னேன்? கையெழுத்து யாரோடதுன்னு பாருங்க."

வேலை போயிற்று. வீட்டுக்கு வந்தவரை மனைவி உட்காரக்கூட விடவில்லை.

"அன்னைக்கு அவன் உங்களக் கேட்டுட்டுத்தானே போனான்?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

"உன் துணியெல்லாம் எடுத்து வைம்மா. போலாம்."