வள்ளித்தாய் வீட்டுப் பெல்

கூடத்திலிருந்து ‘கிர்ர்ர்ர்’ என்று அந்தச் சத்தம் கிளம்பியது. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முத்துச்செல்வி தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். எதிரே நின்றிருந்த வள்ளித்தாயோ, தலைக்கு மேலிருந்த பல்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எரிஞ்சிருச்சுடி! பாரு, எரிஞ்சிருச்சு!”

பல்பு எரிந்தது உண்மைதான். ஆனால் கூடத்தில் பெல் நிற்காமல் அலறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற சிலிண்டர்காரர் பதறிப்போய், “நான் கையை எடுத்துட்டேம்மா! சும்மா ஒரு தட்டுத்தான் தட்டுனேன்!” என்று கத்தினார்.

“அக்கா, பெல்லு நிக்க மாட்டேங்குது!” முத்துச்செல்வியும் கத்தினாள்.

அந்த இரண்டு கத்தலும் வள்ளித்தாய்க்குக் கேட்கவில்லை. ஆறு வருடமாக அவளுக்கு எதுவுமே கேட்பதில்லை. ஆனால் இருபது வருடம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறையில் உட்கார்ந்திருந்த மூக்கு அவளுடையது. கருகல் வாசம் ஒரு நூல் அளவுக்கு வந்ததும் அவள் சிரிப்பு நின்றது. அடுத்த நொடி கூடத்துக்கு ஓடி மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டாள்.

பெல் ஓய்ந்தது. சிலிண்டர்காரர் சிலிண்டரை வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். வள்ளித்தாய் நாற்காலியில் ஏறி, பெல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றிபோலச் சுட்டது.

முத்துச்செல்வி அவள் முகத்துக்கு நேராக வந்து, வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: “போதும்க்கா. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு. பேசாம அண்ணன்கூடக் கெளம்பிருங்க.”

“மூணு நாள் இருக்குல்ல?” என்றாள் வள்ளித்தாய்.

நாரணாபுரத்தில் அந்த வீட்டைக் காட்டி யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அது வள்ளித்தாய் ஒற்றை ஆளாகக் கட்டிய வீடு. தாலி கட்டிய இரண்டாம் வருடமே கணவன் வேறொருத்தியோடு போய்விட்டான். அவள் அழுதாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை கம்பெனி வேனில் அவளுக்கான இடம் காலியாக இல்லை. கூரை போட்ட வருடம் தீபாவளி போனஸ் கையில் விழுந்ததும் சிவகாசிக்குப் போய் அவள் வாங்கிய முதல் சாமான் என்ன தெரியுமா? பீரோ இல்லை, கட்டில் இல்லை. ஒரு காலிங்பெல்! “வர்றவன் எவனா இருந்தாலும் இனிமே பெல்லடிச்சிட்டுத்தான் உள்ள வரணும்” என்று அன்றைக்கு அவள் சொன்னதைத் தெருவே கேட்டது.

அந்தப் பெல்லின் சத்தத்தை அவளிடமிருந்து பறித்தது கம்பெனியில் நடந்த ஒரு வெடிவிபத்து. உயிர் தப்பினாள். காதுகள் தப்பவில்லை.

அதன் பிறகு ஒருநாள் அவள் கதவைத் தாழிட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். தாயில்பட்டியிலிருந்து வந்த அண்ணன் முனியசாமி கதவைத் தட்டிப் பார்த்தார். பதில் இல்லை. அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில்தான் அவர் போர்மேன். மூடிய கதவைக் கண்டாலே அவருக்கு மூச்சு முட்டும். கடப்பாரை வாங்கிவந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தே விட்டார். ஈரப் புடவையோடு ஓடிவந்த தங்கையின் முன்னால் நின்று சொன்னார்: “இனிமே இந்த வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாது!”

அன்று திறந்த கதவுதான். ஆறு வருடம்! நாய் வந்தது, கோழி வந்தது. புடவை மாற்றும்போது ஆள் வந்தது. ஒருநாள் திரும்பிப் பார்த்தால், யாரோ முன்பின் தெரியாதவர் அடுப்படியில் நின்று அவள் குடத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். “கூப்பிட்டேன்த்தா, நீ திரும்பல” என்றார். முதுகுக்குப் பின்னால் எப்போது யார் நிற்பார்களோ என்று சொந்த வீட்டிலேயே திரும்பித் திரும்பிப் பார்த்து வாழ்வது எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

போன வாரம் முனியசாமி முடிவாகச் சொல்லிவிட்டார். “ஞாயித்துக்கிழமை லோடு ஆட்டோ கொண்டாறேன். தனியா ஒன்னால இருக்க முடியாது, சாமானைக் கட்டி வையி. எங்க வீட்டுல அம்புட்டுப் பேரு இருக்கோம், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பார்த்துக்குவோம். இந்த வீட்டைக் காலண்டர் குடோனுக்குக் கேக்காக.”

தனியாக இருக்க முடியாதவள் என்று அவர் சொன்ன அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது. வெடியில் பட்ட காயம்கூட இப்படிச் சுடவில்லை.

விபத்துக்குப் பிறகு அவள் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கப் போகும் கம்பெனியின் முதலாளி வீட்டில், விளக்குகள் செல்போன் சொன்னபடி எரிவதைப் பார்த்திருந்தாள். பெல் அடித்தால் விளக்கு எரியாதா என்ன? எலக்ட்ரீஷியன் ஆண்டிச்சாமியிடம் போய்க் கேட்டாள். அவர் கடையில் நாலு பேர் இருக்க, வாய்விட்டுச் சிரித்தார்.

“காது கேக்காத வீட்டுக்குக் காலிங்பெல் எதுக்குத்தா?”

உதட்டசைவு படிக்கக் கற்றதற்காக வள்ளித்தாய் வருந்திய நாள் அது ஒன்றுதான். ஆனாலும் நிமிர்ந்தே பதில் சொன்னாள். “காது கேக்காட்டா என்ன, கண்ணு தெரியுதுல்ல? சாமான் பேரை மட்டும் எழுதிக் குடுங்க. மத்தத நான் பார்த்துக்கிறேன்.”

அப்படி வந்து சேர்ந்தது ஒரு குட்டிப் பெட்டி. தீப்பெட்டியைவிடச் சின்னது, வைஃபையில் வேலை செய்வது. பெல்லுக்கும் பொத்தானுக்கும் நடுவில் அது உட்கார வேண்டும். யாராவது பொத்தானை அமுக்கினால் பெல்லையும் அடிக்கவிட்டு, செல்போனுக்கும் ஸ்மார்ட் பல்புகளுக்கும் தகவல் சொல்லும். அடியில் எழுத்து ஓடும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். வாசல் பொத்தானில் இரண்டே ஒயர்தான் இருந்தது, பெட்டி ஓடத் தேவையான நியூட்ரல் ஒயர் இல்லை. அதனால் பெட்டியை வாசலில் வைக்காமல் உள்ளே பெல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு முறையும் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டரால் தொட்டுப் பார்த்து, அதன் பிறகே ஒயரில் கை வைத்தாள். மருந்தோடு பழகிய கைக்கு அவசரம் தெரியாது.

“பழைய பெல்லைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிரலாம்ல?” என்று முத்துச்செல்வி கேட்டாள்.

“அது சத்தம் போடட்டும்டி. பெல்லடிச்சாகன்னு தெருவுக்குத் தெரியட்டும். எனக்கு வெளிச்சம் போதும்.”

இத்தனை கவனத்திலும் ஒரு தவறு நடந்துவிட்டது. அதுதான் இன்றைய கருகல். சாயங்காலம் வரை செல்போனைத் துருவித் துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். விளக்கு ஸ்விட்ச் மாதிரி ஒரு தட்டுக்கு எரி, மறு தட்டுக்கு அணை என்று அந்தப் பெட்டி நினைத்துக்கொண்டிருக்கிறது! அமுக்கியிருக்கும் வரைதான் பெல் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அவள் சொன்னாள். பல்புகளுக்கும் மூன்று மின்னல் மின்னி அணையும்படி சொல்லிவைத்தாள். முத்துச்செல்வி வாசலில் நின்று அமுக்கினாள். ‘கிர்ர்’ என்றது, நின்றது. அடுப்படி, அறை, கொல்லைப்புறம் மூன்று இடத்திலும் வெளிச்சம் துடித்து அடங்கியது. இடுப்பில் செருகியிருந்த செல்போன் குறுகுறுவென்று அதிர்ந்தது.

மறுநாள் புதுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தெருமுனையில் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த முனியசாமி, வாசலில் கால் வைத்ததும் உறைந்துபோனார். கதவு சாத்தியிருந்தது.

“வள்ளி! ஏத்தா, வள்ளி!”

தட்டினார். குத்தினார். உள்ளே கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? அவர் ஆட்டோவிலிருந்த கடப்பாரைக்காகத் திரும்பி ஓடினார்.

“அண்ணே! பெல்லை அமுக்குங்க!” பக்கத்து வீட்டிலிருந்து முத்துச்செல்வி குரல் கொடுத்தாள்.

“கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? அவளுக்குக் கேக்குமா?”

“நீங்க அமுக்குங்க. கடப்பாரை எங்கயும் ஓடிராது.”

வேண்டாவெறுப்பாகத் திரும்பி வந்து ஒரு விரலை வைத்தார். ‘கிர்ர்ர்’ என்றது. கையை எடுத்தார், நின்றது. பத்து எண்ணுவதற்குள் தாழ்ப்பாள் விலகியது. நுரை வழியும் கையோடு, கதவை ஆள் நுழைய முடியாத அளவுக்குத் திறந்து, நடுவில் நின்றாள் வள்ளித்தாய்.

“வாண்ணே. சாப்பிட்டியா?”

முனியசாமி அவளையும் பொத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். “எப்படி... யாரு சொன்னா நான் வந்துட்டேன்னு?”

“நீதான் சொன்ன. பெல்லடிச்சியில்ல?”

அவர் நம்பவில்லை. சன்னல் வழியாகப் பார்த்திருப்பாள் என்றார். வள்ளித்தாய் கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக்கே போனாள். அவர் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு ஒரு தடவை. இடைவெளி விட்டு இன்னும் இரண்டு தடவை. கதவு திறந்தது. அவள் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“கரண்டு போனா?” அவர் விடவில்லை.

“இன்வெர்ட்டர் இருக்கு.”

“அதுவும் போனா?”

“அன்னிக்கு நீ வெளிய நில்லு.”

“எம்புட்டு நேரம்?”

“நான் வர்ற வரைக்கும்.”

முனியசாமியின் முகம் சிவந்தது. எல்லாச் சாமானையும் இப்போதே ஏற்றிவிடப்போகிறவர்போல ஒரு அடி எடுத்து வைத்தார். அவள் நகரவில்லை. அந்த வாசல்படியில், கூடப் பிறந்த இருவரும் மார்போடு மார் முட்டுவதுபோல நின்றார்கள். சட்டென்று அவர் கண் கலங்கியது. அவள் படிக்கட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்திச் சொன்னார்.

“வெடிச்ச அன்னிக்கு ஒன் ரூம்ல கதவு தெறந்து கெடந்துச்சு. அதனாலதான் ஒன்னை இழுத்துப் போட்டேன் வள்ளி. பக்கத்து ரூம்ல சாக்கு அடைச்சு வச்சிருந்தாக, கதவு தெறக்கல. அங்கன இருந்த ரெண்டு பேரையும்... என் கண்ணு முன்னாடி... நீ கதவைச் சாத்தினா எனக்கு அதுதான் தெரியுது.”

ஆறு வருடத்தில் ஒருநாளும் அவர் சொல்லாதது அது. வள்ளித்தாயின் நுரைக்கை அண்ணனின் கன்னத்தைத் தொட்டது. அவளும் அழுதாள். ஆனால் கதவை விட்ட கை ஒன்றுதான். மற்றொரு கை கதவு நிலையிலேயே இருந்தது.

“அது மருந்து ரூம்புண்ணே. அங்க கதவு தெறந்துதான் கெடக்கணும். இது வீடு. சாத்துனாத்தான் வீடு.”

அவர் தெருமுனை ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ இழுத்துப் போட்ட உசுருதான் இது. அதை இன்னும் எத்தனை வருசம் வாசல்ல போட்டு வைக்கப் போற?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “குடோன்காரனுக்கு என்னன்னு சொல்ல?”

“வீட்டுல ஆள் இருக்குன்னு சொல்லு.”

அதன் பிறகுதான் அவள் விலகி வழிவிட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்து காப்பி குடித்தார். அண்ணாந்து பல்பைப் பார்த்தார். “எங்க வீட்டுல பெல்லே கெடையாது. அவனவன் தொறந்த வீட்டுல நொழையிற மாதிரி வாரான்” என்று முணுமுணுத்தார். “சாமான் வாங்கிக் குடு, வந்து மாட்டித் தாரேன்” என்றாள் வள்ளித்தாய். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லோடு ஆட்டோ காலியாகவே கிளம்பத் தயாரானது. படியிறங்கிய முனியசாமி பழக்கதோஷத்தில் திரும்பி, “கதவை...” என்று ஆரம்பித்தார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

“சாத்திக்கத்தா” என்றார்.

அவர் ஆட்டோவில் ஏறும்வரை நின்று பார்த்த வள்ளித்தாய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். இரும்பு இரும்பில் போய் உட்கார்ந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அந்த அதிர்வு மட்டும் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது.