மேட்டில் வழுக்கிய குட்டி ரயில்

உப்பையும் அரிசியையும் அள்ளிக்கொண்டு போக கொரியாவில் ஜப்பான்காரன் போட்ட பாதை அது, இஞ்சோனிலிருந்து சூவோன் வரை. செலவை மிச்சம் பிடிக்கத் தண்டவாளத்தைக் குறுகலாகப் போட்டான். பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அவன் மூட்டை கட்டிய பிறகு, சொரே துறையின் மீன்காரிகள் குண்டான்களோடு ஏறி ரயிலைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

அவர்களில் பெரிய வாய்க்காரி சுன்தொக். பத்தொன்பது வயதில் ஏறியவள், ரயில் நின்றுபோகும்வரை கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் அதில் போய்வந்தாள். யார் எங்கே உட்காருவது என்பதில் அவள் வைத்ததே சட்டம். வழியில் ஒரு மேடு உண்டு. கூட்டம் ஏறினால் வண்டி திணறும். எல்லோரும் சரக்கோடு இறங்கி நடப்பார்கள், தெம்புள்ளவர்கள் பின்னால் தள்ளுவார்கள். யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

1958 நவம்பரில் அவளுக்கு முப்பது வயது. போரும் தங்கைகளைக் கரையேற்றியதும் சேர்ந்து வயதைத் தின்றுவிட்டன. பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் மீன் வாடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் கியுசொல், சூவோனில் சைக்கிள் பழுது பார்ப்பவன். மேட்டுக்கு அப்பாலிருந்த ஊரின் தேநீர்க் கடையில், அவன் தன் தாயோடு பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று சுன்தொக்குக்கு உள்ளூர நடுக்கம். குளியல் கூடத்தில் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். கூட மீன் விற்கும் கப்சுன் அக்காவின் கருஞ்சிவப்புப் பாவாடையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அன்றும் மேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். மீன்காரிகள் குண்டான்களைத் தலையில் வைத்து, எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தின் மேலேயே ஆமைபோல் ஊர்ந்தார்கள். சுன்தொக்கால் பொறுக்க முடியவில்லை.

"நண்டுக்கு எதுக்குடி இவ்ளோ தண்ணி? ஊத்திட்டு வெரசா நடங்க. எனக்கு நேரமாவுது!"

இருபது குண்டான்களின் மீன் தண்ணீரும் தண்டவாளத்தில் கொட்டியது. பின்னால் வந்த எஞ்சின் அதில் ஏறியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வண்டி மெல்லப் பின்னால் சறுக்கியது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"எந்த மகராசி தண்டவாளத்துல மீன் குழம்பு வச்சது?"

எல்லாக் கண்களும் சுன்தொக் மேல் திரும்பின. மணி பத்தாகப் பத்து நிமிஷம். அவள் மண்டியிட்டு, பாவாடையைக் கொத்தாகப் பிடித்துத் தண்டவாளத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அடியே, அது என் கல்யாணப் பாவாடைடி!" என்று அலறினாள் கப்சுன்.

"வேற வாங்கித் தரேங்க்கா! நீயும் துணிய எடு!"

திட்டிக்கொண்டே கப்சுனும் தலைத்துண்டை அவிழ்த்தாள். மற்றவர்களும் குனிந்தார்கள். துடைத்த இடத்தில் ஓட்டுநர் எஞ்சின் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டே வந்தார். சிரிப்பும் வசவுமாக ரயிலைத் தள்ளி ஏற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஊர் வந்து இறங்கியபோது சுன்தொக்குக்கு அழுகை முட்டியது. நடைமேடையில் ஒரு அம்மாளும் மகனும் நின்றிருந்தார்கள். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. காத்துக் காத்துச் சலித்து, கோபித்துக்கொண்டு கிளம்பியவர்கள்தான். ஆனால் சூவோன் திரும்ப அவர்களுக்கும் இதே ரயில்தான் வந்தாக வேண்டும்!

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் பொண்ணா? எந்தச் சேத்துல பொரண்டுட்டு வர்ற?"

ரயில் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஆனால் சுன்தொக்குக்குப் பொய் வரவில்லை.

"ரயில் மேல தப்பில்லீங்கம்மா. நான்தான் மீன் தண்ணிய ஊத்தச் சொன்னேன், வழுக்கிருச்சு. நானே தொடச்சுட்டு வரேன்."

"மேடு முழுக்க முட்டி போட்டே ஏறுனா தம்பி!" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள் கப்சுன்.

கியுசொல் சாம்பல் படிந்த அவள் முழங்கைகளைப் பார்த்தான். மூக்கைப் பொத்தவில்லை. அவன் விரல் இடுக்கிலும் கிரீஸ் கறுப்பு.

"ஏறுடா," என்றாள் தாய். ரயில் ஊதியது. தாயைக் கைத்தாங்கலாக ஏற்றி, பையையும் கொடுத்துவிட்டு அவன் கீழேயே நின்றுகொண்டான்.

"நீங்க போங்கம்மா. நான் அடுத்த வண்டியில வரேன்."

"அடுத்த வண்டி சாயங்காலம்தான்டா!"

"தெரியும்மா," என்றான் கியுசொல்.